மேல்காட்டுக்கு வந்த மாந்தியம்

அன்று காலை, பேர் வாசிக்கிற மஸ்டர் களத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். துரை இருந்தார், ஜீப்பை விட்டு இறங்காமல். கண்டக்டர் இருந்தார். தோட்ட வேலையை மேற்பார்வை பார்க்கிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்; பஸ்ஸுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. கங்காணி இருந்தார், கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு. அப்பா இருந்தார். அவர் ஃபாக்டரி ஆள், மஸ்டரில் அவருக்கு வேலை கிடையாது, இருந்தும் வந்திருந்தார். அம்மா கீழ்க்காட்டுப் பெண்களோடு இருந்தாள். அத்தை மேல்காட்டுப் பெண்களோடு. தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் எங்களுக்கு ஒரு காடு. தம்பி அத்தையின் இடுப்பில். நான் அத்தையின் படங்கைப் பிடித்துக்கொண்டு. படங்கு என்பது கொழுந்து எடுக்கிற பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்கு. செடி சேலையைக் கிழிக்காது, ஈரம் ஏறாது.

மழை ஓய்ந்திருந்தது. ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தோட்டம். திருவிதாங்கூர்-கொச்சி என்று ஸ்டேட்டுக்குப் பேர் இருந்த காலம். எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. வயதை யாரும் எழுதி வைக்கவில்லை.

துரை இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். கண்டக்டர் அதை மலையாளத்தில் கொஞ்சநேரம் பேசினார். அதில் மாந்தியம் என்று ஒரு சொல் வந்தது. பிறகு கங்காணி அதைத் தமிழில் சொல்ல வேண்டும். அவர் தரையைப் பார்த்தார், கம்பளியைச் சரிசெய்தார், சொன்னார்.

"எல்லாம் மந்தமா இருக்காம். மேல்காட்ட மூடுதாகளாம். அந்தக் காட்டு ஆளுகளுக்கு நாளையிலருந்து பேரு இல்ல."

துரையிடமிருந்து எங்களிடம் வருவதற்குள் பேச்சு அவ்வளவு சிறுத்துவிட்டது.

மேல்காட்டுப் பெண்களில் ஒருத்தி, எடுப்புப் பல்காரி, பயமில்லாதவள், முன்னால் வந்தாள்.

"ஐயா, சீமையில தேத்தண்ணி குடிக்கத விட்டுட்டாகளா?"

"குடிக்குந்நுண்டு. விலை இல்லா" என்றார் கண்டக்டர்.

"குடிக்காக, வெல மட்டும் இல்லயா? நல்ல கூத்தா இருக்கே."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். துரை ஜீப்பைத் திருப்பினார். சிரிப்பு நின்றது.

அத்தை சிரிக்கவில்லை. அவளுக்கு இதில் என்ன போயிற்று என்பதைச் சொல்ல வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. சங்கரன்கோயில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா காய்ச்சலில் செத்துப்போனார். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமாவின் அண்ணன் தம்பிமார் வைத்ததுதான் சட்டம். ஆட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், எல்லோரும் தின்ற பிறகு தின்ன வேண்டும். அவளை அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார்கள், அல்லது செத்தவன் பெண்டாட்டி என்பார்கள். அப்பா ஒரு தடவை பார்க்கப் போனவர், அழைத்துக்கொண்டே மலை ஏறிவிட்டார். கங்காணியின் கையைக் காலைப் பிடித்து மேல்காட்டில் பேர் போட்டார்.

மஸ்டரில் தினமும் விடியும்போது பேர் வாசிப்பார்கள். பேர் சொன்னதும் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றப் பெண்கள் கொட்டாவியோடு சொல்வார்கள். அத்தை சத்தமாகச் சொல்வாள். களத்துக்கு வெளியே நிற்கிற எங்களுக்குக் கேட்கும். அவள் பேரை நான் இங்கே எழுதவில்லை. அது அவள் காதில் விழ வேண்டிய பேர்.

நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைதான் லயம். அதில் ஒரு சட்டம் உண்டு. பேர் இல்லாத பெரிய ஆள் லயத்தில் தங்கக்கூடாது. அண்ணன் வீடானாலும் கூடாது. கங்காணி இரக்கப்பட்டு, தைப்பொங்கல் வரை கண்டும் காணாமல் இருப்பதாகச் சொன்னார். அதற்குள் மேல்காடு திறந்தால் அத்தை இருக்கலாம். திறக்காவிட்டால் சங்கரன்கோயில்.

மாந்தியம் என்ற அந்தச் சொல் லயத்தில் வெகு சீக்கிரம் பழகிப்போனது. புதுப் பாத்திரம் வந்தால் எல்லா வீட்டிலும் தட்டிப் பார்ப்பது போல எல்லோரும் அதை வாயில் போட்டுப் பார்த்தார்கள். கோழி முட்டையிடவில்லை என்றால் கோழிக்கு மாந்தியம். குழம்பு தண்ணீராக இருந்தால் குழம்புக்கு மாந்தியம். பக்கத்து வீட்டு மாமா எந்நேரமும் வாய் திறக்காதவர். அவர் பெண்டாட்டி, "எனக்குக் கல்யாணமான அன்னைக்கே மாந்தியம் வந்துட்டு தாயி" என்றாள். எடுப்புப் பல்காரி, பிள்ளைகளுக்கு வருகிற மாந்தத்துக்கு வசம்பை உரசிக் கொடுப்பது போலத் துரைக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள். அம்மாகூடச் சிரித்தாள்.

பிறகு வீடுகள் பூட்டப்பட்டன. முதலில் தண்ணிக்குழாய் ஓரத்து வீடு. அடுத்தது அதற்கு எதிர் வீடு. சட்டி பானையை லாரியில் ஏற்றி, குமுளி வழியாகக் கீழே இறங்கிப் போனார்கள். என்னோடு விளையாடுகிறவளும் போனாள். எங்கே என்று கேட்டால், "மாந்தியத்துல போயிட்டாக" என்பார்கள். வைசூரியில் போனார்கள் என்று சொல்வதும் அதே மாதிரிதான் இருக்கும். அதற்கப்புறம் கோழிக்கும் குழம்புக்கும் அந்தச் சொல்லை யாரும் போடவில்லை.

அத்தை வீட்டில் இருந்தாள். விறகு பொறுக்கினாள், தம்பியைப் பார்த்தாள், சோறு பொங்கினாள். விடியும்போது மட்டும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. களத்தில் பேர் வாசிக்கிற சத்தம் லயத்துக்கு வரும். அத்தை அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். வாசித்து முடிந்ததும் மறுபடி ஊதுவாள்.

ஆள் போகாததால் மேல்காடு எங்களுக்கு விளையாட்டிடம் ஆயிற்று. முன்பெல்லாம் அங்கே பிள்ளைகள் கால் வைத்தால் கங்காணி கம்பை ஓங்குவார். இப்போது கேட்க ஆளில்லை. தேயிலைச் செடி இடுப்புக்கு மேலே போகாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வாராவாரம் கிள்ளிக் கிள்ளி அதைப் பாய் விரித்த மாதிரி வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. கிள்ளாமல் விட்டதும் அது தலையைத் தூக்கியது. ஒவ்வொரு குச்சியும் ஒரு பக்கம். அப்புறம் ஒருநாள் போய்ப் பார்த்தால், பூ.

தேயிலை பூக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வெள்ளைப் பூ, நடுவில் கொத்தாக மஞ்சள். லேசான மணம். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் நான் அதைப் பார்த்தது அன்றுதான். பாவாடை நிறையப் பறித்தேன். வாழைநாரில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு, அத்தைக்கும் ஒரு சரம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன்.

அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் தலையைப் பார்த்தாள். எழுந்து வந்து பூவை நாரோடு பிடுங்கி வெளியே எறிந்தாள். அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஏன் என்று கேட்டிருப்பேன்.

"இத ஊட்டுக்குள்ள கொண்டு வரப்படாது" என்றாள்.

அத்தை வெளியே போய், எறிந்த சரத்தைக் குனிந்து எடுத்தாள். ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"பூத்துட்டா மதினி?"

"பூத்துட்டு."

"அப்ப காட்டக் கைவிட்டுட்டாக."

"ஆமா தாயி. இனி மரந்தான்."

அத்தை தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேல்காட்டுக்குத் தனியாக ஏறிப்போனாள். திரும்பி வந்தபோது அவள் விரல் நுனி கறுத்திருந்தது. கொழுந்து கிள்ளினால் படிகிற கறை அது.

மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போனாள். அவள் சொன்னது இதுதான். காடு பூத்துக் கிடந்தால் துரை கண்ணுக்கு அது செத்த காடு. மட்டமாக இருந்தால் உயிருள்ள காடு. உயிருள்ள காட்டை எவனும் கைவிடமாட்டான். மாந்தியம் போகிற வரைக்கும் நாம் அதை மட்டம் வைப்போம். ஞாயிற்றுக்கிழமை லீவுதானே.

"கூலி?" என்று கேட்டாள் எடுப்புப் பல்காரி.

"பேரு வருமில்லா."

"கூலியில்லாத பேருக்கு நான் ஏற்கெனவே ஒருத்தனக் கட்டிட்டு அழுதேன்" என்றாள் அவள். ஆனாலும் வருகிறேன் என்றாள்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று பேசினார்.

"ஓசியில வேல செய்யவளப் பாத்தா கம்பெனிக்காரன் அழுவான்னு நெனக்கியா? சிரிப்பான்."

"உன் மிசினு ஓடலன்னா எண்ணெ போடுதியா இல்லியாண்ணே? துருப்பிடிக்கும்னு போடுதல்லா?"

"மிசினு வேற."

"எப்படி வேற?"

அப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மேல்காட்டுக்கு ஏறினார்கள். பேர் போய், மலையிறங்காமல் இருந்தவர்களில் சிலர் வந்தார்கள். பேர் உள்ளவர்களும் வந்தார்கள், அம்மா மாதிரி, ஆறு நாள் கீழ்க்காட்டில் நின்ற காலோடு. எங்களையும் கூட்டிப் போனார்கள். ஓங்கி வளர்ந்த குச்சியைக் கத்தியால் வெட்டினார்கள். பூவை உதிர்த்தார்கள். பிறகு வாராவாரம் கொழுந்து. பிள்ளைகள் நாங்கள் தாழ்ந்த செடிகளில் கிள்ளினோம். எனக்கு அத்தையே விரலைப் பிடித்துக் காட்டித் தந்தாள், இரண்டு இலை ஒரு மொட்டு, நகம் படாமல்.

எடுத்த கொழுந்தை என்ன செய்வது? வீட்டுக்குக் கொண்டுபோனால் திருட்டு. ஃபாக்டரிக்குக் கொண்டுபோனால் யார் எடுக்கச் சொன்னது என்பார்கள். அதனால் கூடையை அப்படியே செடிக்கடியில் கவிழ்த்தார்கள். நல்ல கொழுந்து, பச்சையாக, குவியல் குவியலாகக் கிடந்து கறுத்தது. எடை போட ஆளில்லை. அதட்ட ஆளில்லை. சிரிப்பும் பேச்சும் பாட்டுமாகக் கை ஓடியது. கூலிக்கு எடுத்தபோதுகூட இவ்வளவு வேகமாக யாரும் எடுத்ததில்லை என்று அம்மா சொன்னாள். கங்காணி ரோட்டில் போவார். அந்தப் பக்கம் ஏதோ பறவையைப் பார்க்கிறவர் போலத் தலையைத் திருப்பிக்கொள்வார்.

மேல்காடு மறுபடி பாய் விரித்த மாதிரி ஆயிற்று.

மார்கழியில் ஒரு ஞாயிறு, உச்சி நேரம், கண்டக்டர் வந்தார். முதலில் பார்த்தவள் நான். சொன்னதும் பாட்டு நின்றது. பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நிரையிலேயே நின்றார்கள். திருட்டென்று சொல்லிவிட்டால் கீழ்க்காட்டுப் பேரும் போகும். அம்மாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது.

கண்டக்டர் செடிக்கடியில் கவிழ்த்த கொழுந்தைக் கம்பால் கிளறிப் பார்த்தார். செடியின் மேல்மட்டத்தைக் கையால் தடவினார், மாட்டின் முதுகைத் தடவுவது போல.

"கொள்ளாம்" என்றார். நல்லாயிருக்கிறது என்று அர்த்தம்.

அத்தைதான் முன்னால் வந்தாள். பெண்களுக்கென்று வைத்திருந்த பாலில்லாத கட்டன் சாயாவை அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"எல்லா ஞாயிறும் வருமோ நிங்ஙள்?"

"வருவோம் ஐயா. காட்டக் கைவிடல. பூக்க விடல."

"ஒரு திவசம் கொண்டு தீருமோ?" ஒரே நாளில் முடிந்துவிடுமா என்று கேட்டார்.

"பொழுது சாயமுன்ன முடிச்சிருவோம் ஐயா" என்றாள் அத்தை. நெஞ்சு நிமிர்ந்து சொன்னாள்.

அவர் டம்ளரைக் கொடுத்துவிட்டு, ரோட்டில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக நடந்தார். நடக்கும்போது கம்பை நீட்டி ஒவ்வொரு பெண்ணாகக் காட்டிக்கொண்டே போனார். கோயிலில் பூசாரி எல்லோருக்கும் தீபத்தைக் காட்டிக்கொண்டு போவார் அல்லவா, அப்படி இருந்தது எனக்கு. பிள்ளைகள் பக்கம் கம்பு நீளவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்.

அவர் போனதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஐயா பாத்துட்டாக" என்றாள் அத்தை. "துரைட்ட சொல்லுவாக."

சொன்னார். அதில் பொய்யில்லை. பொங்கலுக்கு முன்பே செய்தி வந்தது. சீமையில் மறுபடி விலை ஏறுகிறதாம், மாந்தியம் மாறிப்போயிற்றாம், மேல்காட்டைத் திறக்கிறார்களாம். லயத்தில் பட்டாசு இல்லாத குறைதான். எடுப்புப் பல்காரி அத்தையின் கன்னத்தைப் பிடித்து, "ஏட்டி, நீ மந்திரியா இருக்க வேண்டியவ" என்றாள். அப்பா ஏலப்பாறை பஜாருக்குப் போய் அத்தைக்குப் புதுச் சாக்கு வாங்கி வந்தார். அத்தை அதைத் துவைத்து, காய வைத்து, படங்காக மடித்துத் தைத்தாள். அன்றிரவு அவள் தூங்கியதாகத் தெரியவில்லை.

விடிந்ததும் களத்துக்குப் போனோம். பனி. கண்டக்டர் கையில் பேர்ப் புத்தகம். மேல்காட்டுப் பேரை வாசிக்க ஆரம்பித்தார். பழைய ஆள் முதலில், புதிய ஆள் பிறகு, அதுதான் முறை. ஒவ்வொரு பேருக்கும் ஒரு "இருக்கேன்." மாந்தியத்தில் ஊர் போனவர்கள் பேருக்குப் பதில் வராது. அந்தப் பேரை விட்டுவிட்டு அடுத்த பேரை வாசித்தார். எடுப்புப் பல்காரி பேர் வந்தது. அவள் கத்திச் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள். அத்தை எங்கள் தோட்டத்துக்குப் பிந்தி வந்தவள். பேர் கடைசியில்தான் வரும். காத்திருந்தாள். தொண்டையை ஒருதரம் கனைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் நிறுத்தினார்.

மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன்.

அவர் புத்தகத்தை மூடினார். அத்தையோடு இன்னும் பல பேர் அப்படியே நின்றார்கள். கங்காணிதான் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, மிச்சப் பேரு?"

"இத்ர மதி." இவ்வளவு போதும் என்கிறார்.

"மேல்காட்டுக்கு நாப்பது ஆளு நின்ன கணக்குங்கய்யா."

"அது பண்டு. இப்போ இத்ர ஆள் மதி. ஞான் கண்ணால கண்டதல்லே?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. மழை பெய்யும், குடை எடுத்துக்கொள் என்று சொல்வது போலச் சொன்னார்.

அப்பா களத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் அத்தையைப் பார்க்கவில்லை. அத்தையும் அவரைப் பார்க்கவில்லை. புதுப் படங்கை அவிழ்த்து மடித்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"நீங்க கட்டிக்கோங்க மதினி. உங்களது கிழிஞ்சிட்டு."

பொங்கல் முடிந்து லாரி வந்தது. அப்பா கம்பம் வரை கூடப் போனார். அங்கிருந்து சங்கரன்கோயில் பக்கத்து ஆள் யாரோ வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அத்தை லாரியில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். தம்பி அழுதான். நான் அழவில்லை. எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. கண்டக்டர் அன்று அவசரத்தில் பாதியில் நிறுத்திவிட்டார், இன்னொரு நாள் மீதியை வாசிப்பார், அப்போது ஆள் இல்லையென்று விட்டுவிடக் கூடாது. அதனால் நான் விடியும்போது எழுந்து களத்துக்குப் போய் நிற்பேன். அத்தை பேரைச் சொன்னால், ஊருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்ல வேண்டும். எவ்வளவு நாள் போனேன் என்று நினைவில்லை. பிறகு எனக்கே பேர் போட்டார்கள், போக வேறு காரணம் வந்துவிட்டது.

அந்தச் சொல்லை அதற்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டாயிற்று. ரேடியோவில் மந்தநிலை என்றார்கள். பேப்பரில் பின்னடைவு என்று போடுகிறார்களாம், பேரன் வாசித்துச் சொன்னான். வந்தது என்பார்கள், போனது என்பார்கள். காற்று மழை மாதிரி அதுவே வருமாம், அதுவே போகுமாம். மேல்காட்டைப் பொறுத்தவரை வந்தபோது பேர் போனது. போனபோது பேர் வரவில்லை.

அன்று கண்டக்டர் ரோட்டில் நடந்தது பெண்களைப் பாராட்டத்தான் என்று நான் நம்பியிருந்தேன். அந்த நிரையில் பாதிக்கு மேல் வாரம் முழுக்க வேறு காட்டில் வேலை செய்த கைகள். பிள்ளைகளின் கையும் சேர்த்துத்தான் அந்தக் காடு பொழுது சாயுமுன் முடிந்தது. அது அவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவர் பார்க்க வேண்டியது அது இல்லை. முன்பு நாற்பது பேர் நின்ற காடு.

கம்பை நீட்டி அவர் எண்ணியது இருபத்துமூன்று.